நாலு பேர், ஒரே பாட்டு, இருநூறு கினி

இசைப் போட்டியில் கடைசியாக வந்தவருக்கும் பரிசு உண்டு. இருபது கினி. கினி என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தின் தங்கக் காசு, ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. 1701இல் லண்டனில் வீட்டு வேலைக்கு நின்ற ஒரு பெண் நாலைந்து வருஷம் உழைத்தால் கிடைக்கும் பணம் அது. ஆனாலும் அந்த நாலாம் பரிசுக்காரர், காட்ஃபிரைட் ஃபிங்கர், கோபித்துக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டார். போகும்போது அவர் சொன்னதாக ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: "வளர்ந்த ஆட்களுக்கு இசை அமைக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன், பையன்களுக்கு என்று தெரியாமல் போயிற்றே."

நாலு பேர் மட்டும் கலந்துகொண்ட போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நான் வாங்கியிருக்கிறேன், ஏழாம் வகுப்பில், ஒரு சோப்பு டப்பா. அதனாலோ என்னவோ ஃபிங்கரின் கதையைப் படித்ததிலிருந்து அந்தப் போட்டியை என்னால் விட முடியவில்லை. ஆங்கிலத்தில் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடகம், என்று ஒன்றை வளர்த்தே தீருவது என்று லண்டன் பெரிய மனிதர்கள் காசைக் கொட்டி நடத்திய போட்டி அது. நடந்ததோ வேறு.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1695 நவம்பரில் இறந்துபோனார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் இருந்தவரை ஆங்கில மேடையில் ஓபரா என்று சொன்னது ஒரு கலவைச் சரக்கு. முக்கியப் பாத்திரங்கள் பேசுவார்கள்; ஆவிகள், தேவதைகள், ஆட்டிடையர்கள், பூசாரிகள் பாடுவார்கள். 1691இல் வந்த 'ஆர்தர் மன்னன்' என்ற படைப்பில் ஆர்தர் மன்னனே ஒரு வரி பாடமாட்டார். ராஜா என்பவர் உத்தரவு போடுவதையும் கோபப்படுவதையும் ராகம் போட்டு இழுத்தால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டாகவே அவர் செய்த 'டைடோவும் ஈனியசும்' இன்றைக்கு உலகம் முழுக்க மேடையேறுகிறது. ஆனால் அவர் காலத்தில் அது நடந்ததாக நமக்கு உறுதியாகத் தெரிவது செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்கு முன்னால் முழுக்க முழுக்க ஆங்கிலப் பாட்டாக ஒரு கதை தாங்குமா? பர்செல் போன பிறகு இந்தக் கேள்வியைக் கையிலெடுக்க அவர் அளவுக்கு ஒருவர் இல்லை.

ஆள் இல்லையென்றால் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்போம் என்று பிரபுக்கள் சிலர் கிளம்பினார்கள். 1700 மார்ச்சில் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் விளம்பரம் வந்தது. இசையை ஊக்குவிக்க இருநூறு கினி, நாலு பரிசாகப் பிரித்து: நூறு, ஐம்பது, முப்பது, இருபது. போட்டியிட விரும்பும் வித்வான்கள் கிரேஸ் இன் வாசலில் இருக்கும் ஜேகப் டான்சனைப் போய்ப் பார்க்கவும். டான்சன் பதிப்பாளர், அன்றைய பெரிய எழுத்தாளர்கள் பலருக்கும் புத்தகம் போட்டவர். அவரிடம் போனால் என்ன கிடைக்கும்? எல்லாருக்கும் ஒரே பாடல் நாடகம். எழுதியவர் வில்லியம் காங்கிரீவ், அப்போது முப்பதே வயது, லண்டன் மேடையின் செல்லப்பிள்ளை.

காங்கிரீவ் எடுத்துக்கொண்ட கதையில்தான் குறும்பு இருக்கிறது. 'பாரிஸின் தீர்ப்பு.' பாரிஸ் ஊர் இல்லை, ஆள். டிராய் நாட்டு இளவரசன், கதை நடக்கும்போது மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். தூதன் மெர்க்குரி ஒரு தங்க ஆப்பிளை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். ஜூனோ, பாலஸ், வீனஸ், மூன்று தேவிகள். யார் அழகியோ அவளுக்கு ஆப்பிள், தீர்ப்பு உன் கையில் என்கிறான். பையனுக்குத் தலை சுற்றுகிறது. இப்படிப் பார்க்கிறேன், அப்படிப் பார்க்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை, மூன்று பேரையும் ஒரே சமயத்தில் பார்க்க மனுஷனால் ஆகாது, தனித்தனியாக வாருங்கள் என்று பாடுகிறான். (அப்புறம் நல்ல உடை உடம்பின் குறையை மறைத்துவிடும், ஆகவே உடையைக் களைந்துவிட்டு வரவும் என்றும் சேர்த்துக்கொள்கிறான். காங்கிரீவ் காங்கிரீவ்தான்.) ஜூனோ ராஜ்யம் தருகிறேன் என்கிறாள், பாலஸ் போரில் வெற்றி, வீனஸ் காதல். பையன் வீனஸிடம் விழுந்துவிடுகிறான்.

யோசித்துப் பாருங்கள், தீர்ப்புச் சொல்லத் தெரியாமல் முழித்து, கடைசியில் ஆசைகாட்டலுக்கு மயங்கும் ஒரு நீதிபதியைப் பற்றிய கதையை, நாலு பேரின் இசையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கும் பணக்காரக் கூட்டத்துக்கு முன்னால் நாலு தடவை நடத்தியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவருக்காவது உறைத்திருக்காதா? உறைக்கட்டும் என்றுதான் காங்கிரீவ் எழுதினார் என்பது என் கட்சி.

மேடை ஏறியவர்கள் நாலு பேர். ஜான் எக்கிள்ஸ், நாடகக் கொட்டகையிலேயே ஊறியவர், 1700இல் அரசரின் இசைத் தலைவர் பதவியும் கிடைத்திருந்தது. டேனியல் பர்செல், ஹென்றியின் தம்பி. அண்ணன் முடிக்காமல் விட்ட வேலையை முடித்துக் கொடுத்து, அண்ணன் பெயரின் நிழலிலேயே காலம் தள்ளியவர், சிலேடைப் பேச்சுக்குப் பெயர்போனவர். ஃபிங்கர், இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதிக்காரர், ஜேம்ஸ் மன்னரின் கத்தோலிக்க ஆலயத்தில் வாசிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர். நாலாவது ஆள் ஜான் வெல்டன், வயது இருபத்தைந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பையன். லண்டன் நாடக உலகத்தில் அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

இடம் டார்செட் கார்டன் கொட்டகை, தேம்ஸ் நதிக்கரையில், 1671இல் கட்டியது. ஒரு காலத்தில் பறக்கும் ரதமும் இறங்கும் மேகமுமாகக் கொடிகட்டிப் பறந்த கொட்டகை, 1700 வாக்கில் பலசாலிகள் பாரம் தூக்கிக் காட்டும் இடமாக இறங்கிவிட்டது. அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். முதல் ஆட்டம் 1701 மார்ச் 21, எக்கிள்ஸுடையது. ஐந்து நாள் கழித்து காங்கிரீவ் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான்.

தனிப் பாடகர்களைச் சேர்க்காமலே எண்பத்தைந்து பேர் மேடையில். மேடையின் முன்பக்கத்தைப் பலகையால் குழிவாகக் கட்டி, அதன் மேல் முழுக்கத் தகரம் அடித்திருந்தார்களாம், சத்தம் பெருகி முன்னால் போய் விழுவதற்காக. அதில் மெழுகுவர்த்தி விளக்குகள் வேறு. சொந்தப் பெட்டி இருக்கை, கீழ்த்தளம் என்ற பிரிவையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் என்றால் சீமாட்டிகளும் சீமான்களும்தான், கண்டவனை உள்ளே விடவில்லை என்று காங்கிரீவே பெருமையாக எழுதுகிறார். வழக்கமாக வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி காலியாகிவிட்டதே, அங்கே என்ன? வைட்ஸ் சாக்லேட் கடையை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சுடச்சுட சாக்லேட், குளிர்ந்த பானங்கள், பழமதுபானம், பிரெஞ்சு ஒயின், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக் குடிக்கலாம், செலவு போட்டிக்குச் சந்தா கட்டிய பெரிய மனிதர்களுடையது.

அந்தத் தகரத்தை நினைத்துப் பார்க்கிறேன். பாலஸ் வந்து போருக்கு அழைக்கும் இடத்தில் எக்கிள்ஸ் ட்ரம்பெட்டுகளை வைத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திச் சுடரில் பளபளக்கும் தகரக் குழிவுக்குள்ளிருந்து ட்ரம்பெட் சத்தம் கிளம்பி வருகிறது, முன்னால் ஒரு பிரபு சாக்லேட் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார். சட்டையில் சிந்தியிருக்கும்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. காங்கிரீவ் இதில் நடுநிலையாள் இல்லை. எக்கிள்ஸ் அவருடைய நாடகங்களுக்கு இசை அமைத்தவர், கூட்டாளி. அன்றைக்கு வீனஸாகப் பாடியவர் ஆன் பிரேஸ்கர்டில், லண்டனின் நட்சத்திர நடிகை, காங்கிரீவின் மனதுக்கு மிக நெருக்கமானவர் என்று ஊரே பேசியவர். "நம் வீனஸ் அற்புதம் செய்துவிட்டாள்" என்கிற மாதிரி எழுதுகிறார். கூடவே பாலஸாகப் பாடியவர் அவ்வளவு எடுபடவில்லை என்றும் சொல்லிவிடுகிறார், அதனால் கடிதத்தை ஓரளவு நம்பலாம்.

மார்ச் 28 ஃபிங்கர். ஏப்ரல் 11 டேனியல் பர்செல். மே 6 வெல்டன். பிறகு ஜூன் 3 அன்று நாலையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே கதை, ஒரே வரிகள், நாலு முறை ஆப்பிள் இறங்குகிறது, நாலு முறை பாரிஸுக்குத் தலை சுற்றுகிறது. மூன்றாவது ஆப்பிளுக்கு மேல் யார் காதைக் கொடுத்துக் கேட்டிருப்பார்கள்? சந்தா கட்டியவர்கள் வாக்குப் போட்டார்கள்.

முதல் பரிசு வெல்டன். இரண்டு எக்கிள்ஸ். மூன்று டேனியல் பர்செல். நாலு ஃபிங்கர்.

ஊர் அதிர்ந்துபோனது. ரோஜர் நார்த் என்ற வக்கீல், இசைப் பைத்தியம், பிற்பாடு இதைப் பற்றி எழுதிவைத்தார். ஃபிங்கரின் அந்தக் கோபப் பேச்சு நமக்குக் கிடைப்பதும் இவர் வழியாகத்தான். ஆள் பிடித்து வாக்கு வாங்கினார்கள் என்று சிலர் சொன்னார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஆனால் இசைக்காரர்கள் சமூகத்தின் அபிப்பிராயம் அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம், என்பது நார்த் எழுதியதன் சாரம். வக்கீல் பேச்சு. சொல்லமாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிட்டார்.

சரி, வெல்டன் உண்மையிலேயே தேவலையா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இணையத்தில் பதிவுகள் கிடைக்கின்றன. ஜூனோ பாரிஸிடம் பாடும் பாட்டை எடுத்துக்கொண்டேன்: ஆசை உன் மனதில் தீ மூட்டட்டும், நீ மனிதர்களை ஆளப் பிறந்தவன், மந்தையின் பின்னால் போகப் பிறந்தவன் இல்லை, அந்தக் கோலைத் தூக்கி எறி. ஒரே வரிக்கு மூன்று பேரின் இசை. யாருடையது எது என்று சொல்லாமல் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்கத்திய இசையோடு அவளுக்குச் சம்பந்தமே இல்லை, அதனால்தான் அவளைப் பிடித்தேன்.

"ஏன்டா, மூணும் ஒரே பாட்டு மாதிரிதானே இருக்கு?"

"ஒரே வரிக்கா. இசைதான் வேற வேற."

"அப்ப அந்த ரெண்டாவது. அது வாயில நிக்குது."

இரண்டாவது வெல்டன். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மறுநாள் வரிசையை மாற்றிப் போட்டேன். அக்கா டேனியல் பர்செலைக் காட்டினாள். நேற்று வேறு சொன்னாயே என்றால், "நேத்து நான் எங்க கவனிச்சேன், காயில இருந்தேன்" என்றாள். டேனியல் பர்செலுக்கு முந்நூறு வருஷத்தில் கிடைத்த ஒரே முதலிடமாக அது இருக்கலாம்.

என் கட்சி எக்கிள்ஸ். ஒவ்வொரு தேவிக்கும் ஒரு ஆள்தன்மை வைக்கிறார், எந்தத் தேவி எப்போது பேச வேண்டும், எப்போது விட்டுப்பிடிக்க வேண்டும் என்பது கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றவருக்கே தெரியும். ஆனால் அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. வெல்டனின் அந்த மெட்டு வாயில் நிற்கிறது. வாக்குப் போட்டவர்கள் இசைக்காரர்கள் இல்லை, வண்டியில் வீடு திரும்பும்போது எது வாயில் வருகிறதோ அதற்குப் போட்டிருப்பார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது என்று நாலு நாளாக யோசிக்கிறேன், ஒரு பக்கம் சாயமுடியவில்லை. ஃபிங்கர் அவர்களைப் பையன்கள் என்றார். பையன்களுக்கும் காது உண்டு, காசு கட்டியதும் அவர்கள்தான்.

பரிசு வாங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் விசித்திரம். ஆங்கில ஓபராவை எடுத்து நிறுத்தப்போகிறவர் என்று நூறு கினி கொடுக்கப்பட்ட வெல்டன், போட்டிக்குப் பிறகு ஒரு ஓபராகூட எழுதவில்லை. சர்ச்சுக்குத் திரும்பிவிட்டார், 1708இல் அரச ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர் ஆனார், பக்திப் பாடல்கள் எழுதினார். முதல் பரிசு வாங்கிய இசை அப்போது முழுதாக அச்சாகவே இல்லை. எக்கிள்ஸ், டேனியல் பர்செல் இருவருடையதையும் ஜான் வால்ஷ் என்ற பதிப்பாளர் அச்சிட்டு விற்றார்! ஃபிங்கர் ஜெர்மனிப் பக்கம் போய், ஊர் ஊராக மாறி, 1730இல் மான்ஹைமில் இறந்தார். டேனியல் பர்செலும் ஆர்கன் வேலைக்கே போய்ச் சேர்ந்தார்.

எக்கிள்ஸின் கதைதான் என்னைக் கொஞ்சம் வருத்துகிறது. காங்கிரீவ் அவருக்காக 'செமெலி' என்று ஒரு முழு ஓபராவை எழுதிக் கொடுத்தார். எக்கிள்ஸ் 1707 வாக்கில் இசையை முடித்தார். மேடை ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் ஊரில் காற்று திரும்பிவிட்டது. 1705 ஜனவரியில் ட்ரூரி லேன் கொட்டகையில் 'அர்சினோ' வந்தது: இத்தாலியப் பாணி, ஆங்கில வரிகள், முழுக்கப் பாட்டு, எல்லாரும் பயந்த அந்த முழுக்கப் பாட்டு. இசை தாமஸ் கிளேட்டன். எக்கிள்ஸின் கால்தூசுக்கு வராத ஆள் என்பது என் எண்ணம், ஆனால் கூட்டம் வந்தது. அதே கிளேட்டன் 1707இல் எழுத்தாளர் ஜோசஃப் அடிசன் எழுதிய 'ரோசமண்ட்' என்ற ஆங்கில ஓபராவுக்கு இசை அமைத்தார். மூன்று ஆட்டத்தில் படுத்துவிட்டது.

அடிசன் அந்தக் காயத்தை மறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து ஸ்பெக்டேட்டர் இதழில் இத்தாலிய ஓபராவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இத்தாலியப் பாடகர்கள் வந்துசேர்ந்த பிறகு பாதி இத்தாலியன் பாதி ஆங்கிலமாக ஆட்டம் நடந்ததாம்: ராஜா இத்தாலியனில் கேட்பார், அடிமைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். பாதி புரிவது தொந்தரவாக இருக்கிறதென்று சபை அலுத்துக்கொண்டு, யோசிக்கும் சிரமமே வேண்டாம் என்று முழுக்கப் புரியாத மொழிக்கே போய்விட்டது என்கிறார். தோற்றவன் எழுதும் விமர்சனத்துக்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த 1711 பிப்ரவரியில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த இசையமைப்பாளர் ஹேண்டலின் 'ரினால்டோ', முழுக்க இத்தாலியனில், ஹேமார்க்கெட் கொட்டகையில் ஊரையே கூட்டியது. அதோடு ஆட்டம் மாறிவிட்டது.

போட்டி வைக்கும் புத்தி மட்டும் லண்டனுக்குப் போகவில்லை. 1721இல் 'முத்சியோ ஷெவோலா' என்ற ஓபராவை மூன்று அங்கமாகப் பிரித்து அமாதேய், பொனொன்சினி, ஹேண்டல் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். ஹேண்டல் கட்சி, பொனொன்சினி கட்சி என்று பிரபுக்கள் பிரிந்து நின்றார்கள். இந்தச் சண்டையைக் கேலி செய்து ஜான் பைரம் எழுதிய ஆறு வரியில்தான் 'ட்வீடில்டம், ட்வீடில்டீ' என்ற ஜோடிப் பெயர் பிரபலமானது, இரண்டுக்கும் அப்படி என்னய்யா வித்தியாசம் என்று. 1727இல் இரண்டு பாடகிகளின் ரசிகர்கள் இளவரசி உட்கார்ந்திருக்கும்போதே சீட்டியடித்துக் கூச்சல் போட்டு ரகளை செய்தார்கள். இதெல்லாம் வேறு கதை, இன்னொரு நாள்.

ஆனால் 1728ஐ விட மனமில்லை. 'பிச்சைக்காரன் ஓபரா', முதல் பருவத்திலேயே அறுபத்திரண்டு ஆட்டம். ஜான் கே எழுதிய ஆங்கில வரிகள், மெட்டுகளோ ஊரில் ஏற்கெனவே புழங்கியவை. அதில் நரி கோழி திருடுவதைப் பற்றி ஒரு பாட்டு வரும். அந்த மெட்டு எக்கிள்ஸுடையது, 1695இல் காங்கிரீவின் நாடகம் ஒன்றுக்குப் போட்டது. இன்னும் முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1762இல், 'கிராமத்தில் காதல்' என்ற ஓபரா லண்டனில் சக்கைப்போடு போட்டது. திரை தூக்கியதும் வரும் ஜோடிப் பாட்டின் மெட்டு எது தெரியுமா? வெல்டனின் ஜூனோ பாட்டு, வேறு வரிகளோடு. அக்கா வாயில் நின்ற அதே மெட்டு. பாடியவர்களில் எத்தனை பேருக்கு வெல்டன் என்ற பெயர் தெரிந்திருக்கும்?

எக்கிள்ஸ் அரண்மனைச் சம்பளத்துக்கு வருஷாவருஷம் வாழ்த்துப்பா இசை எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் தேம்ஸ் கரையில் கிங்ஸ்டன் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1735இல் இறந்தார். ஒன்பது வருஷம் கழித்து, காங்கிரீவ் அவருக்காக எழுதிய அதே 'செமெலி'க்கு ஹேண்டல் இசை அமைத்தார். இன்று செமெலி என்றால் ஹேண்டல்.

போட்டியை இன்னொரு முறை நடத்திப் பார்த்தார்கள், 1989இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், 'ப்ராம்ஸ்' (Proms) என்ற கோடை இசைவிழாவில். மறுபடியும் சபையே வாக்குப் போட்டது. இந்த முறை எக்கிள்ஸ் ஜெயித்தார், இருநூற்று எண்பத்தெட்டு வருஷம் தாமதமாக. போட்டியில் மூன்றே பேர். ஃபிங்கரின் இசை தொலைந்துபோய்விட்டது. இசைக்காரர்கள் ஒத்துக்கொள்ளாத அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று பார்க்க, கடைசி இடத்துக்காரர் என்ன எழுதினார் என்பதே கையில் இல்லை.

என் போனில் அந்தப் பட்டியலுக்கு 'ஆப்பிள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்று பாட்டு. நேற்று அக்கா ஊருக்குக் கிளம்பும்போது, "அந்தக் கோவிச்சுக்கிட்டுப் போன ஆளோடது எங்கடா, அதைப் போடவே இல்லையே" என்று கேட்டாள். சொன்னேன். "அடப்பாவமே" என்றுவிட்டு, இரண்டாவது பாட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.